முந்தானையை இழுத்துக் கூப்பிட்ட பையன்: காசிமேட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

முதல் நாள் என் அறையில் நடந்தது இது. ஆயா என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார். பையன் தரையில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் லாரியை உருட்டிக்கொண்டிருக்கிறான். தாகமாக இருந்திருக்க வேண்டும், எழுந்து வந்து ஆயா பக்கத்தில் நின்றான், வாயைத் திறந்தான், திறந்த வாய் அப்படியே நின்றது. சத்தம் வரவில்லை, கழுத்து நரம்பு மட்டும் லேசாகப் புடைத்தது. இரண்டு மூன்று நொடி இருக்கும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு ஆயாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தான். ஆயா திரும்பிக்கூடப் பார்க்காமல் கூடையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார், அவனும் வாங்கிக் குடித்துவிட்டு லாரிக்கே போய்விட்டான்.

"எப்பவும் இப்படித்தான் கூப்பிடுவானாம்மா?" என்று கேட்டேன்.

"முன்னல்லாம் ஒரு நாளைக்கு நூறு தடவ ஆயா, ஆயான்னுவான். இப்ப இழுக்குறதோட சரி. ஒரு நாலு மாசம் இருக்கும்."

அவர்கள் வந்தது 'பேச்சு திக்குது' என்று. ஆனால் என் நோட்டில் முதல் வரியாக நான் எழுதியது திக்கலைப் பற்றி அல்ல. 'கூப்பிடுவதை நிறுத்திவிட்டான்' என்றுதான் எழுதினேன். இந்த ஆய்வு முழுக்க அந்த வரியைச் சுற்றித்தான் போகும்.

நான் வண்ணாரப்பேட்டை பக்கம் ஸ்பீச் தெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் எதுவும் வேண்டாம். வீட்டில் எல்லோரும் அவனைத் தம்பி என்றே கூப்பிடுவார்கள், இங்கேயும் அவன் தம்பிதான்.

வீடும் பின்னணியும்

வந்தபோது தம்பிக்கு 4 வயது 2 மாதம், எல்கேஜி. அப்பா காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர், போனால் பத்து நாள், சில சமயம் அதற்கும் மேல். அம்மா எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை, காலை பத்துக்குப் போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வீடு. எட்டு வயதில் ஓர் அக்கா. வீட்டைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் அம்மாவான ஆயா. விடியற்காலையில் ஏலத்தில் கூடை எடுத்து, விற்று முடித்து, பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். ஏலத்தில் நின்று பழகிய பேச்சு, மூச்சு விடாமல் வரும். அந்த வீட்டில் எல்லோருமே வேகமாகப் பேசுகிறவர்கள்தான், ஒருவர் வாக்கியம் முடியும் முன்னால் அடுத்தவர் ஆரம்பித்துவிடுவார்.

திக்கல் தொடங்கியது அவனுக்கு 3 வயது 1 மாதம் இருக்கும்போது. ஒரு வாரத்துக்குள் திடீரென்று வந்தது என்றார்கள். அந்த வாரம் தெருவில் ஒரு நாய் துரத்தியிருக்கிறது, அதே வாரம் அம்மா ஏதோ கோபத்தில் ஓர் அடி போட்டிருக்கிறார். நாயைப் பற்றி எல்லோரும் சொன்னார்கள். அடித்ததை அம்மா மூன்றாவது தடவை வந்தபோதுதான், அதுவும் ஆயா வெளியே போன பிறகு சொன்னார். பதிமூன்று மாதமாக அதை மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். திக்கல் பயத்தால் வருவதில்லை, அடியால் வருவதில்லை, வளர்ப்பால் வருவதில்லை. பேச்சுத் தசைகளை இயக்குகிற மூளைப் பாதைகள், முக்கியமாக இடப்பக்கத்தில் இருப்பவை, திக்குகிறவர்களிடம் கொஞ்சம் வேறு மாதிரி அமைந்திருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. 2010இல் பாகிஸ்தான் குடும்பங்களில் தொடங்கி நடந்த ஓர் ஆய்வில், திக்கலோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களையே கண்டுபிடித்தார்கள். இரண்டு வயதிலிருந்து ஐந்துக்குள், வாக்கியங்கள் வேகமாக வளரும் காலத்தில்தான் பெரும்பாலும் தொடங்கும், பல குழந்தைகளுக்கு ஓரிரு நாளிலேயே திடீரென்று தொடங்குவதும் உண்டு. அந்த வயதில் எந்த வாரத்தை எடுத்தாலும் ஒரு நாயோ ஓர் அடியோ இருக்கத்தான் செய்யும். அடிப்பது சரி என்று சொல்லவில்லை, அந்த அடிக்கும் திக்கலுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்கிறேன். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் அழுதார், நானும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

தம்பியின் பெரியப்பாவுக்கும் திக்கல் உண்டு. இதையும் அவர்களாகச் சொல்லவில்லை, நான் கேட்டதால்தான் வந்தது.

அதுவரை நடந்த வைத்தியம்

நாக்கில் வசம்பு தேய்த்தார்கள். மந்திரித்துத் தாயத்து கட்டினார்கள். நாக்குக்கு அடியில் இருக்கும் நரம்பை வெட்டினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், நல்லவேளை வெட்டவில்லை. நாக்கு ஒட்டியிருப்பதற்கும் திக்கலுக்கும் தொடர்பில்லை, அதுவுமில்லாமல் தம்பியின் நாக்கு அங்கே இங்கே எங்கும் ஒட்டவே இல்லை, தாராளமாக அசைகிறது. ஒரு டாக்டர், அஞ்சு வயசு வரைக்கும் பாருங்க, தானா போயிடும் என்றிருக்கிறார்.

அந்த 'தானா போயிடும்' முழுப் பொய் இல்லை என்பதுதான் சிக்கல். நூறு குழந்தைகளில் ஐந்து பேருக்காவது எப்போதாவது திக்கல் தொடங்குகிறது, அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவோ சிகிச்சையாலோ போய்விடுகிறது, பெரியவர்களில் நூறில் ஒருவர் அளவுக்குத்தான் மிஞ்சுகிறது. ஆனால் யாருக்குப் போகும், யாருக்கு நிற்கும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சில அடையாளங்கள் உண்டு: குடும்பத்தில் யாருக்காவது திக்கல் நின்றுபோகாமல் இருப்பது, ஆண் குழந்தையாக இருப்பது, தொடங்கி ஒரு வருடம் தாண்டியும் குறையாமல் இருப்பது, மூன்றரை வயதுக்குப் பிறகு தொடங்கியது, கூடவே பேச்சில் வேறு குறை இருப்பது. தம்பிக்கு இதில் முதல் மூன்றும் இருந்தன. இவற்றோடு பேசுவதையே தவிர்க்கவும் ஆரம்பித்துவிட்ட குழந்தையிடம் ஐந்து வயது வரை காத்திருங்கள் என்று சொல்லவே கூடாது என்பது என் கருத்து, அதில் எனக்குத் தயக்கமில்லை.

அப்புறம் பாட்டு. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டிக்கொண்டு தம்பி கானா பாடுவான், கணீரென்று, ஓர் எழுத்துகூடத் திக்காமல். "பாட்டுன்னா மட்டும் எப்படிம்மா வருது? நடிக்கிறான்" என்று தெருவில் பேச்சு. வீட்டிலேயே பாதி நம்பிவிட்டார்கள். பாடும்போது திக்கல் நிற்பது ஏறக்குறைய எல்லோருக்கும் நடப்பது. தாளம் முன்னாலேயே போய் வழி காட்டுகிறது, சொற்கள் ஏற்கெனவே மனப்பாடம், அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசித்து வாக்கியம் கட்ட வேண்டியதில்லை. பலர் சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் அப்படித்தான். இது நடிப்புக்கு ஆதாரம் இல்லை. சொல்லப்போனால், பையனுக்கு நாக்கிலும் குரலிலும் ஒரு குறையும் இல்லை என்பதற்கு ஆதாரம்.

நான் பார்த்தது

காது கேட்கும் திறன் சரி. மொழி வயதுக்கு மேலேயே இருந்தது, கேட்டால் மீன் பெயர்களில் இருபதுக்கு மேல் சொல்வான். என் அறையில் பதிவு செய்தபோது நூறு அசைக்கு நான்கு திக்கல், அம்மா வீட்டில் போனில் எடுத்த பதிவில் நூறுக்குப் பதினொன்று. இதனால்தான் ஒரே ஒரு நாள் பதிவை நான் நம்புவதில்லை, திக்கல் நாளுக்கு நாள், ஆளுக்கு ஆள் ஏறி இறங்கும்.

எண்ணிக்கையைவிட வகைதான் எனக்கு முக்கியம். எல்லாக் குழந்தைகளும் தடுமாறும். "எனக்கு வந்து, எனக்கு வந்து, அந்த பந்து" என்பது மொழி பழகும் குழந்தையின் சாதாரணத் தடுமாற்றம். தம்பி பேசியது வேறு. "த்-த்-த்-தண்ணி" என்று ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்தது, "ம்ம்ம்மீனு" என்று இழுபட்டது, எல்லாவற்றையும்விடக் கடினமாக, சத்தமே வராத அடைப்பு. அடைப்பு வரும்போது கண்ணை இறுக்கி மூடுவான், வலது காலால் தரையைத் தட்டுவான். எப்போதோ ஒரு தடவை காலைத் தட்டியபோது சொல் வெளியே வந்திருக்கும், அதிலிருந்து காலும் சேர்ந்துகொண்டது.

பதிவுகளில் இன்னொன்றையும் எண்ணினேன். பத்து நிமிடப் பேச்சில் வீட்டுப் பெரியவர்கள் அவனிடம் கேட்ட கேள்விகள் 34. அவன் பேசத் தொடங்கி, வேறு யாராவது முடித்து வைத்த வாக்கியங்கள் 9. "மெதுவா சொல்லு", "மூச்ச இழுத்து வுட்டுப் பேசு" என்பவை 7.

இதற்கு இடையில் ஒரு பழைய கதை. 1939இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வெண்டெல் ஜான்சன் என்ற ஆராய்ச்சியாளரின் மேற்பார்வையில் மேரி டியூடர் என்ற மாணவி, ஓர் அனாதை இல்லத்தின் 22 குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடம், உனக்குத் திக்கல் வருகிறது, திருத்திக்கொள், சரியாக வராவிட்டால் பேசாதே என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் குழந்தைகள் திக்குவாயர்களாக மாறிவிடவில்லை. பேசுவதைக் குறைத்தார்கள், கூச்சப்பட்டார்கள், ஒதுங்கினார்கள். அந்தப் பல்கலைக்கழகம் 2001இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. கொடுமையான சோதனை, எந்தக் காலத்திலும் செய்திருக்கக் கூடாதது. ஆனால் அதைப் படித்தபோது எனக்குப் புரிந்தது, வெளியிலிருந்து வரும் திருத்தல் திக்கலை உண்டாக்காது, வாயை மூடவைக்கும். தம்பிக்கும் நடந்தது அதுதான், இங்கே அன்பினால் நடந்தது.

சிகிச்சை: என் முதல் தப்பு

பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு வழிகள் அதிகம் பயன்படுகின்றன. ஒன்று, குழந்தையைச் சுற்றியுள்ள பேச்சுச் சூழலை மாற்றுவது: கேள்வியைக் குறைத்து, வேகத்தைக் குறைத்து, காத்திருந்து கேட்பது. இன்னொன்று ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உருவான லிட்கோம்ப் முறை. பெற்றோர் தினமும் கால் மணி நேரம் குழந்தையோடு உட்கார்ந்து, சரளமாக வந்த பேச்சை உடனுக்குடன் பாராட்டி, தினம் 0 முதல் 9 வரை ஓர் அளவு குறிப்பது. 2005இல் வெளியான ஒரு நியூசிலாந்து ஆய்வு 54 குழந்தைகளை வைத்து, இயல்பாகக் குறைவதைவிட லிட்கோம்பில் அதிகம் குறைகிறது என்று காட்டியது. 2015இல் நெதர்லாந்தில் 199 குழந்தைகளை வைத்து இரண்டு வழிகளையும் ஒப்பிட்டபோது, 18 மாத முடிவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே எது உசத்தி என்று நான் சண்டை போடுவதில்லை, அந்த வீட்டில் எது நடக்கும் என்றுதான் பார்க்கிறேன்.

இங்கே முதலில் தப்புப் பண்ணினேன். அம்மாவுக்குத்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். இரவு ஒன்பதரைக்குக் கால் வீங்கி வருகிறவர், தம்பி தூக்கத்தில் சாய்கிற நேரத்தில், எப்படி நிதானமாக விளையாடுவார்? இரண்டு வாரம் வீணானது. மூன்றாவது வாரம், பகல் முழுக்க இவன் யாரோடு இருக்கிறான் என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஆயாவிடம் மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்லிப் பயனில்லை, அறுபது வயதில் ஏலப் பேச்சை மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை. "ஒரு நாளில் எப்ப ஆயா நீங்க அவசரமில்லாம உக்காந்திருப்பீங்க?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "நெத்திலி ஆயுறப்ப" என்றார்.

அதுதான் எங்கள் நேரமானது. மத்தியானம் ஒரு மணிக்கு, வாசற்படியில் ஆயா, எதிரே தம்பி, நடுவில் நெத்திலிச் சட்டி. தலையை விரலால் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும், கத்தி வேண்டாம், நாலு வயதுப் பையனும் செய்யலாம். கை வேலை நடக்கும்போது கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்கும் கட்டாயம் இல்லை. ஒரே விதிதான் சொன்னேன், அவன் பேச ஆரம்பித்தால் கையிலிருக்கிற மீனை முடிக்கிற வரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு நெத்திலிக்கு மூன்று நான்கு நொடி. அந்த இடைவெளிதான் அவனுக்குத் தேவைப்பட்டது. கேள்விக்குப் பதிலாக, தான் செய்வதைச் சொல்லச் சொன்னேன், "இது பெரிய நெத்திலி, இதுக்கு வவுறு பெருசு" என்பது மாதிரி. அவனுக்குத் தோன்றினால் பேசுவான், தோன்றாவிட்டால் இல்லை.

இரண்டாவது வாரம் ஆயா எடுத்து அனுப்பிய பதிவில் சட்டியில் மீன் விழும் சத்தம் கேட்கிறது, தெருவில் ஒரு ஆட்டோ, அப்புறம் தம்பி, "ஆ... ஆ... இதுக்கு கண்ணு இல்ல." ஆயா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மீன் சட்டியில் விழுகிறது. பிறகு, "ஆமா கண்ணு, கண்ணு பூட்ச்சு." அந்தப் பதிவை நான் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன்.

அறுபத்தொரு நாள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் பணம் குறையும் காலம், ஆனால் அப்பா வீட்டில் இருப்பார். லிட்கோம்பை அப்போது தொடங்குவது என்று முடிவு செய்தோம். தினமும் காலையில் வலை சரிசெய்யப் போகும் முன்னால் கால் மணி நேரம், படம் பார்த்துக் கதை சொல்வது, பொம்மைக் கப்பல், எது கிடைத்தாலும். சரளமாக வந்தால் சொல்லிக் காட்ட வேண்டும். புத்தகத்தில் இருக்கிற மாதிரி 'அழகாகப் பேசினாய்' என்பது அவர் வாயில் வரவில்லை. "சும்மா வழுக்கிக்கினு வந்துச்சு பாரு!" என்றார், தம்பிக்கு அது பிடித்துப்போனது. திக்கியதைச் சுட்டி, இன்னொரு தடவை சொல் என்று கேட்கும் பகுதியும் அந்த முறையில் உண்டு, மிக அரிதாகத்தான் செய்ய வேண்டும். ஆயாவுக்கு அது எளிதாகப் பழைய 'மெதுவா சொல்லு' ஆகிவிடும் என்று தோன்றியதால் இந்த வீட்டில் அதை நிறுத்திவைத்தேன்.

தினசரி அளவிலும் ஒரு சிக்கல். 0 என்றால் திக்கலே இல்லை, 9 என்றால் மிக அதிகம். ஆயாவுக்கு ஒன்பது என்றால் நல்ல மார்க். இரண்டு வாரம் தலைகீழாகக் குறித்திருந்தார். அதனால் மீனாக மாற்றினோம். லேசாக என்றால் நெத்திலி, கொஞ்சம் கூட என்றால் சங்கரா, அதிகம் என்றால் வஞ்சிரம், தாங்க முடியாத நாள் சுறா. ஒன்றுமே இல்லாத நாளுக்கு 'வெறும் வலை' என்று நான் சொன்னதும் ஆயாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள், தொழில் செய்கிற வீட்டில் அந்த வார்த்தையை வாயால் சொல்லக் கூடாது. சரி, 'கடல் அமைதி' என்று வைத்தோம்.

திக்கலுக்குப் பெயர் வைத்தது தம்பி. சின்னம்மா வீடு கொருக்குப்பேட்டையில், போகும்போதெல்லாம் ரயில்வே கேட்டில் நிற்க வேண்டியிருக்கும். ஒரு நாள் ஒரு சொல் அடைத்து வெளியே வந்ததும் அவனாகவே, "நைனா, கேட்டு போட்டான்" என்றிருக்கிறான். மறுநாள் அப்பா என்னிடம் சொன்னார், "கேட் போட்டா ஹாரன் அடிச்சி இன்னா பண்றது மேடம், தொறக்குற வரிக்கும் நிக்க வேண்டியதுதான்." நான் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுக்க நினைத்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் திக்கலைப் பற்றிப் பேசாமல் மறைப்பது போனது. திக்கலைப் பற்றிக் குழந்தையிடம் பேசவே கூடாது, பேசினால் அதிகமாகும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அவனுக்கு ஏற்கெனவே தெரியும். நாம் பேசாவிட்டால், பேசக்கூடாத அசிங்கம் என்று நினைத்துக்கொள்வான்.

ஜூன் முதல் வாரத்தில் பெரும்பாலும் நெத்திலி, இரண்டு நாள் கடல் அமைதி.

ஜூன் முதல் ஆடி வரை

ஜூன் நடுவில் அப்பா கடலுக்குப் போனார், அதே மாதம் யுகேஜி தொடங்கியது. பத்து நாளில் வஞ்சிரம், பிறகு ஒரு வாரம் முழுக்கச் சுறா. காலைத் தட்டுவது திரும்பி வந்தது. அம்மா போனில், "எல்லாம் போச்சு மேடம்" என்றார்.

போகவில்லை. திக்கல் இப்படி ஏறி இறங்குவது வழக்கம், அதை முன்னாலேயே இன்னும் உறுதியாகச் சொல்லி வைத்திருக்கலாம். ஆனால் பள்ளியில் ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. வருகைப் பதிவின்போது தம்பிக்கு 'பிரசன்ட் மிஸ்' வரவில்லை. 'ப்' என்று உதடு ஒட்டிக்கொண்டுவிடும். சொல்லும் வரை நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு நாள் நேரம் போதாமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். அக்காதான் இதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வீட்டில் சொன்னாள்.

டீச்சரைப் போய்ப் பார்த்தேன். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தைரியம் வரட்டும் என்றுதான் நிற்கவைத்திருக்கிறார். நான் கேட்டது ஒன்றே ஒன்று: பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் சேர்ந்து சொல்லட்டும், வகுப்பு முழுக்கவே அப்படி, தம்பிக்கு மட்டும் தனியாக வேண்டாம். சேர்ந்து சொன்னால் கேட் போடாது என்று விளக்கினேன். மறுநாளே செய்தார். சில வாரம் கழித்து, சேர்ந்து சொல்கிறவன் சிரித்துக்கொண்டு தாமதித்த நாட்களில் தம்பி தனியாகவே சொல்லிவிட்டிருக்கிறான்.

ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் அன்று சொந்தக்காரர் எல்லோரும் வந்திருந்தார்கள். பெரிய பையன் ஒருவன் "த்-த்-த்-தம்பி" என்று பழித்துக் காட்டினான். அக்கா கூழ்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "அவனுக்குக் கேட் போடும். நீ நிக்க முடிஞ்சா நில்லு, இல்ல போ" என்றாளாம். நான் பயிற்சி கொடுத்ததைவிட மிக நன்றாகச் சொல்லியிருக்கிறாள்.

அதே மாதம்தான் பெரியப்பா வந்தார். சனிக்கிழமை, தம்பியை அழைத்து வர வேறு யாரும் இல்லாததால். படகில் டிரைவர், நாற்பதுகளில் இருப்பவர், வெளியே பெஞ்சிலேயே இருக்கிறேன் என்று சைகை காட்டினார். உள்ளே வரச் சொன்னேன். சின்ன வயதில் தன் அப்பா கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசவைப்பார் என்று சொன்னார், அதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. "ப-ப-பல்லுதான் உடஞ்சுது." தம்பி லாரியை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரிப்பா, உனுக்கும் கேட்டு போடுமா?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். "ப்-ப்-போடும்டா. பெரிய ரயிலு, எனுக்கு."

தம்பி சிரித்தான், அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகாத நாளெல்லாம் அவரே அழைத்து வந்தார், உள்ளேயே உட்கார்ந்தார். பெரியவர்களின் திக்கல் வேறு சங்கதி, அவருக்கு நான் சிகிச்சை எதுவும் தரவில்லை. தன்னைப் போலப் பேசுகிற ஒரு பெரியவர் வீட்டில் இருக்கிறார் என்பதைத் தம்பி பார்த்தது, நான் திட்டமிடாமலே கிடைத்தது.

இப்போது

டிசம்பரில் எடுத்த வீட்டுப் பதிவில் நூறு அசைக்கு ஒன்றரை. அடைப்பு அரிது, கண்ணை மூடுவது போய்விட்டது, கால் தட்டுவது எப்போதாவது. பத்து நிமிட நெத்திலிப் பதிவில் பிப்ரவரியில் அவன் வாயிலிருந்து வந்த வாக்கியங்கள் 12, இப்போது 58. இரண்டாவது எண்ணைத்தான் நான் அம்மாவிடம் முதலில் காட்டினேன். முழுக்கப் போய்விடுமா என்று கேட்டார். போகலாம், வயது இன்னும் இருக்கிறது, போகாமலும் இருக்கலாம், பெரியப்பாவைப் பார்க்கும்போது அந்தச் சாத்தியத்தை மறைக்க முடியாது என்றேன். ஒன்றாம் வகுப்பு சேரும் வரை மாதம் ஒரு தடவை பார்ப்போம், அடுத்த தடைக்காலத்தில் அப்பாவோடு மறுபடி தினசரி நேரத்தைத் தொடங்குவோம்.

போன வாரம் ஆயா கொண்டுவந்த தாளில் ஏழு நாளுக்கு ஏழு குறிப்பு. நெத்திலி, நெத்திலி, கடல் அமைதி, நெத்திலி, வஞ்சிரம், நெத்திலி, கடல் அமைதி. அந்த ஒரு வஞ்சிரம் என்ன ஆயா என்று கேட்டேன்.

"அன்னிக்கு மழை. தெருல தண்ணி பூந்துச்சு. தண்ணில மீனு வந்துச்சு, தவள வந்துச்சுன்னு காலைலேந்து ராத்திரி வரிக்கும் வாயே மூடல. ஆயா ஆயான்னு என் உயிர வாங்கிட்டான்."

சொல்லிவிட்டு வஞ்சிரம் என்று எழுதியிருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். தம்பி வாசலில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, போகலாம் என்று அங்கிருந்தே அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.